ஒன்றாம் இலக்க அட்டையின் அபிப்பிராயம்

மக்கீன் காக்காவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. சாய்ந்தமருதுக் கடற்கரையில் மீன்பிடித்தே வாழ்ந்த குடும்பம் அவருடையது. பதினான்கு வயதில் வாப்பாவின் தோணியில் ஏறினார். கரையிலுள்ள தென்னைகள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே வாந்தி எடுத்தார். முதல் நாள் எல்லோருக்கும் அப்படித்தான் என்றார்கள். நாற்பதாம் நாளும் எடுத்தார்.

"நாம மீனப் புடிக்கப் போறமா, மீனுக்குச் சாப்பாடு குடுக்கப் போறமா?" என்று அவருடைய வாப்பா கேட்டாராம். தோணிக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு அவரைக் கரையில் இறக்கிவிட்டார்கள். கடலுக்குப் போக முடியாத முதியவர்களோடு உட்கார்ந்து ஆறு வருடம் கிழிந்த வலை பொத்தினார். 'கரைமீன்' என்ற பட்டப்பெயர் அப்போது வந்தது. அவருடைய சொந்தப் பெயரை வாசிகசாலைப் பதிவேட்டில் பார்த்துத்தான் பலர் அறிந்துகொண்டார்கள்.

எங்கள் ஊர் வாசிகசாலை ஒரு சங்கம் நடத்தியது. காலையில் திறக்க, கூட்ட, புத்தகம் கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டபோது மக்கீன் காக்கா போய் நின்றார். ஆறாம் வகுப்புவரை படித்திருந்தார். "கடலுக்குத்தான் சரிவரல்ல, கடதாசிக்காவது சரிவருதா பாப்பம்" என்று சொல்லித்தான் எடுத்தார்களாம்.

சங்கத்தின் விதிப்படி ஊரின் ஆண்கள் மட்டும் உறுப்பினராகலாம். எண்பத்தைந்து பேருக்கு அட்டை இருந்தது. ஆனால் அந்த எண்பத்தைந்து பேரில் கதைப் புத்தகம் வாசிக்கிறவர்கள் பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள். வாசித்தவர்கள் அவர்களுடைய வீடுகளில் இருந்த பெண்கள். பெரிய பிள்ளையானதும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவர்கள், கல்யாணம் முடித்தவர்கள், கல்யாணத்துக்கு இருந்தவர்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் வாசிகசாலையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போவார்கள். மக்கீன் காக்கா ஒவ்வோர் அட்டைக்கும் இரண்டு புத்தகத்தை வலைக்கயிற்றால் கட்டி, கயிற்றுக்குக் கீழே இலக்கத்தைச் செருகி வாசல் மேசையில் அடுக்கி வைத்திருப்பார். அவர்கள் எடுத்துக்கொண்டு போவார்கள். அடுத்த வெள்ளி அதே கட்டு திரும்பி வரும். உள்ளே என்ன புத்தகம் என்று யாரும் பார்ப்பதில்லை. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயமும்கூட.

யாருக்கு எந்தப் புத்தகம் பிடிக்கும் என்பதை அவர் திரும்பி வருகிற புத்தகத்தைப் பார்த்தே அறிந்துகொண்டார். மருதோன்றி விரலடையாளம் எந்தப் பக்கத்தில் பதிந்திருக்கிறது, எந்த இடத்தில் சோற்றுப்பருக்கை ஒட்டிக் காய்ந்திருக்கிறது, எந்த அத்தியாயத்தில் மூலை மடிந்திருக்கிறது என்று பார்ப்பார். பழுதாக்கியதாக ஒருநாளும் யாரிடமும் குறை சொன்னதில்லை.

எழுபத்தெட்டாம் ஆண்டு நவம்பரில் சூறாவளி வந்தது. வாசிகசாலையின் கூரை போனது. புத்தகங்கள் மூன்று நாள் தண்ணீரில் கிடந்தன. மக்கீன் காக்கா அவற்றைச் சாக்கில் கட்டிக் கடற்கரைக்குக் கொண்டுபோனார். வலை காயப்போடுகிற கயிற்றில் ஒவ்வொன்றாக விரித்துத் தொங்கவிட்டார். பிழைத்தவற்றை வலை ஊசியாலும் வலை நூலாலும் தைத்துக் கட்டினார். கட்டும்போது ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் நாலைந்து வெற்றுத் தாள்களைச் சேர்த்தார். மேலே 'வாசகர் அபிப்பிராயம். பெயரும் அட்டை இலக்கமும் அவசியம்' என்று எழுதினார்.

இது முழுக்க அவருடைய யோசனைதான். கொழும்பிலுள்ள எங்களூர் வர்த்தகர்கள் புத்தகப் பொதி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். என்ன மாதிரிப் புத்தகம் வேண்டும் என்று அவர்களுக்கு எழுத, வாசகரின் கருத்து வேண்டும் என்று நினைத்தார். பெயரும் இலக்கமும் கேட்டால் எழுதுகிறவர்கள் பொறுப்பாக எழுதுவார்கள் என்றும் நினைத்தார். எந்தப் பெயரை எழுதுவார்கள் என்று மட்டும் அவர் நினைக்கவில்லை.

என்னுடைய வாப்பா முகம்மது தம்பி அந்தச் சங்கத்தின் செயலாளர். வந்த பொதிகளில் ஆங்கிலப் புத்தகங்களும் இருந்தன. நான் தமிழோடு ஆங்கிலமும் படித்திருந்ததால், மக்கீன் காக்கா அவற்றை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார். கதவுச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்று, "புள்ள, இதில என்ன இரிக்கெண்டு ரெண்டு வரி எழுதித் தாங்க" என்பார். நான் எழுதிச் சீலைக்குக் கீழால் நீட்டுவேன். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

எண்பத்திரண்டில் வந்த பொதியில் 'சைக்கிள் கொட்டில்' இருந்தது. இளவயதினருக்கான தமிழ் நாவல். ஒரு பாடசாலையில் யாரோடும் சேராத நால்வரின் கதை. திக்கிப் பேசும் ஒருவன், ஆசிரியரைவிட உயரமான ஒருத்தி, ஒரே வகுப்பில் இரண்டு வருடம் இருந்த ஒருவன், ஆண்டின் நடுவில் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்த ஒருத்தி. இடைவேளையில் ஒதுங்க இடமில்லாமல் நால்வரும் பழைய சைக்கிள் கொட்டிலுக்கு வருகிறார்கள். நண்பர்களாகிறார்கள். கடைசியில் வகுப்பறை கட்டுவதற்காகக் கொட்டிலை உடைக்கிறார்கள். நால்வரும் நாலு ஊருக்குப் போகிறார்கள். அவ்வளவுதான் கதை.

அந்தப் புத்தகம் ஐந்து மாதத்தில் இருபது வீட்டுக்குப் போய் வந்தது. மக்கீன் காக்கா அதிலும் கட்டியிருந்த வெற்றுத் தாள்கள் போதாமல் மேலும் நாலு தாள் ஒட்டினார். "இந்தப் புத்தகத்துக்கு எங்கட ஆம்புளைகள் இவ்வளவு எழுதியிரிக்காங்களே" என்று சீலைக்கு வெளியே நின்று அவர் சொன்னபோது குரலில் சிரிப்பு இருந்தது.

பிறகு அந்தப் புத்தகம் ஷரிபுதீன் மாஸ்டரின் கையில் அகப்பட்டது. அவர் கணித ஆசிரியர், சங்கத்தின் நிர்வாக உறுப்பினர், கண்டிப்பானவர். வீட்டில் தங்கையின் தலையணைக்குக் கீழே இருந்ததை எடுத்துப் பின்பக்கத் தாள்களையும் வாசித்துவிட்டார். கூட்டம் கூட்டச் சொன்னார்.

வாசிகசாலையில் வெள்ளையடிப்பு நடந்ததால் கூட்டம் எங்கள் வீட்டு முன்மண்டபத்தில் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு நடந்தது. தலைவர் மீராசாஹிபு ஹாஜியார் நெல் ஆலை முதலாளி. அவரோடு அவருடைய மனைவி சல்மா உம்மா மாமியும் என் உம்மாவைப் பார்க்க வந்திருந்தார். நாங்கள் மூன்று பேரும் கதவுச்சீலைக்குப் பின்னால் தேநீரோடு நின்றோம். சீலையின் இடுக்கால் மண்டபத்தின் ஒரு பாதி தெரிந்தது. மக்கீன் காக்கா கதிரையில் உட்காரவில்லை. வாசல் நிலையோரமாக நின்றார்.

"ஹாஜியார், ஆறாம் அத்தியாயத்தப் பாருங்க" என்று மாஸ்டர் தொடங்கினார். "ரெண்டு ஆம்புளப் புள்ள, ரெண்டு பொம்புளப் புள்ள. மழைக்குள்ள கொட்டில்ல நிக்கிறாங்க."

"நின்டு?" என்றார் ஹாஜியார்.

"நின்டு கதைக்கிறாங்க."

"மறுகா?"

"மறுகா மழ விட்டுட்டு. வகுப்புக்குப் போறாங்க."

"அவ்வளவுதானா?"

சல்மா உம்மா மாமி சிரிப்பை அடக்க என் கையைக் கிள்ளினார். வலித்தது.

"கதைய விடுங்க ஹாஜியார். பின்னால எழுதியிரிக்கிறதக் கேளுங்க. செயலாளர், வாசிங்க."

வாப்பா புத்தகத்தை வாங்கிக் கடைசித் தாள்களைத் திருப்பினார். "நாப்பத்தொண்டு. ஐஸ் வாடி சரீப்" என்று வாசித்தார். "'உயரமான பெண் குனிந்து நடக்கும் இடம் உண்மை. பதின்மூன்று வயதில் எனக்கும் அப்படித்தான். தலை இடிக்காத இடத்திலும் குனிந்தேன். இன்றும் முதுகு வலிக்கிறது.'"

"ஆரு, சரீபா?" என்றார் ஹாஜியார். "அவன்ட தல நிலையில இடிக்கணுமெண்டா கதிரையில ஏறணுமே!"

"அம்பத்தெட்டு. இறச்சிக் கடை ஹஸன். 'திக்குவாய்ப் பையன் மேடையேறும் அத்தியாயத்தில் அழுதேன். அன்று சோறு கருகியதற்கு இந்தப் புத்தகமே காரணம்.'"

"ஹஸன் எப்ப சோறாக்கின?"

வாப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார். "முப்பத்து மூண்டு. 'கதை மெதுவாகப் போகிறது. இந்த நாலு பேரும் ஒருநாளும் சண்டை பிடிக்கவில்லை. இப்படியும் கூட்டாளிமார் உண்டா? நம்ப முடியாது.'"

"இது நியாயமான கத" என்றார் ஹாஜியார்.

"ஏழு." வாப்பா நிறுத்தினார். ஏழாம் இலக்கம் அவருடைய அட்டை. நான் தேநீர்த் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "'நன்று.'"

"செயலாளரும் வாசிச்சிரிக்கீங்க!" என்றார் மாஸ்டர்.

வாப்பா இருமினார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அந்த ஒரு சொல்லை எழுத எனக்கு மூன்று நாள் பிடித்திருந்தது.

"இருவத்து மூண்டு..."

"அத வாசிக்க வேணாம்" என்றார் மாஸ்டர்.

"ஏன்? ஆர்ர நம்பர் அது?"

"என்ட நம்பர்."

"உங்கட அபிப்பிராயத்த நாங்க கேக்கப்படாதா? வாசிங்க தம்பி."

வாப்பா தாழ்ந்த குரலில் வாசித்தார். "'வகுப்பில் திக்குகிற பையனை எழுப்பி நிறுத்திச் சிரிக்கிற அந்தக் கணக்கு வாத்தியாரை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் சாப்பிடுகிறார்.'"

ஹாஜியார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சீலைக்குப் பின்னால் நாங்களும் வாயைப் பொத்திக்கொண்டோம். மாஸ்டர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். அவருடைய முகம் கறுத்துப் போயிருக்க வேண்டும். குரல் மட்டும் மாறவில்லை.

"சிரிங்க. இது என்ட தங்கச்சிர எழுத்து. நான் ஒளிக்கல்ல. அப்ப மத்ததெல்லாம் ஆர்ர எழுத்து? நம்மட மெம்பர் காட்டுல, நம்மட பேருல, நம்மட வீட்டுக்குள்ள நடக்கிறது நமக்குத் தெரியா. நாளைக்கு இந்தத் தாள் கொழும்புக்குப் போகும். அங்க உள்ளவங்க வாசிப்பாங்க. இனிப் புத்தகம் வெளிய போகப்படா. வாசிக்கிறவங்க வந்து, வாங்கில இரிந்து வாசிச்சிட்டுப் போகட்டும். அதுதான் என்ட பிரேரணை."

வாசிகசாலையின் நீள வாங்கில் ஒரு பெண்கூட இதுவரை உட்கார்ந்ததில்லை. உட்காரப் போவதுமில்லை. அந்தப் பிரேரணை நிறைவேறினால் வெள்ளிக்கிழமைக் கட்டு எந்த வீட்டுக்கும் வராது. உம்மா என்னைப் பார்த்தார். சல்மா உம்மா மாமி இப்போது சிரிக்கவில்லை. தட்டிலிருந்த கோப்பைகளை ஒன்றோடொன்று முட்டாமல் தள்ளி வைத்தார்.

"மக்கீன்" என்றார் மாஸ்டர். "இதெல்லாம் ஆரார் எழுதின எண்டு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மாஸ்டர்."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றும் சொல்லவில்லை.

"அப்ப ஒவ்வொண்டாச் சொல்லு. செயலாளர் எழுதட்டும்."

"சொல்ல ஏலா."

"ஏன் ஏலா?"

"காட் ஆர்ர பேருல இரிக்கோ அவங்கட கையிலதான் நான் புத்தகம் குடுத்த. அங்கால நான் கேட்டதுமில்ல, ஆருக்கும் சொன்னதுமில்ல. பேரும் நம்பரும் எழுதச் சொன்னது என்ட பிழை. அதுக்கு என்னைக் கேளுங்க. அவங்களக் கேக்க வேணாம்."

"உனக்கு இந்த வேல வேணாம் போல இரிக்கி."

"கடல்லரிந்து ஒருக்கா எறக்கி உட்டாங்க மாஸ்டர். இதிலரிந்தும் எறக்கினா எறங்கித்தான் போகணும்."

தெருவில் ஒரு மாட்டுவண்டி போய் முடிந்தது. பிறகு ஹாஜியார், "ஒண்டாம் நம்பர் எழுதியிரிக்கா?" என்று கேட்டார்.

வாப்பா தாள்களைப் பார்த்தார். புத்தகத்தை மடியில் கவிழ்த்தார்.

"என்ட காட்தானே ஒண்டு? தாங்க இஞ்ச."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. "'முடிவு பிடிக்கவில்லை'" என்று உரக்க வாசித்தார். அதற்கு மேல் மௌனமாக வாசித்தார்.

அந்த எழுத்து யாருடையது என்று அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. அவர்களுடைய மகன் றியாத்தில் வேலை செய்தார். மூன்று வருடமாக மகனுக்குப் போகும் கடிதங்களை எழுதியது சல்மா உம்மா மாமி. கீழே கையெழுத்து மட்டும் ஹாஜியாருடையது. மாமி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அதில் எழுதியிருந்ததை நான் பிறகு வாசித்தேன்.

'முடிவு பிடிக்கவில்லை. கொட்டிலை உடைத்தவுடன் நால்வரையும் நாலு ஊருக்கு அனுப்பிவிட்டார் ஆசிரியர். அது சுலபம். நான் பதினைந்து வயதில் கல்யாணம் முடித்தேன். என்னோடு குர்ஆன் ஓதிய மூன்று பேரும் இதே ஊரில், இதே நாலு தெருவுக்குள்தான் இருக்கிறார்கள். முப்பது வருடமாக மரணம் நடந்த மையத்து வீட்டில் மட்டும் கண்டுகொள்கிறோம். அங்கே சிரிக்க முடியாது. ஒரே ஊரில் இருந்துகொண்டே பிரிந்திருப்பதை ஆசிரியர் எழுதியிருக்க வேண்டும். இரண்டு தரம் வாசித்தேன்.'

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றினார். "இது என்ட காட்" என்றார். "என்ட காட்டுல இரிக்கிறது என்ட கததான்."

"ஹாஜியார், நீங்க நாவல் வாசிக்கிறீங்களா?" என்றார் மாஸ்டர்.

"ஏன், நான் வாசிக்கப்படாதா?"

"வாசிக்கலாம். அப்ப முடிவு ஏன் புடிக்கல்ல?"

ஹாஜியார் கதிரையில் அசைந்தார். "கொட்டில ஒடச்சிட்டாங்களே!"

"ஒடச்சா?"

"ஒடச்சா... வேற இடமில்லயா மாஸ்டர்? என்ன கேள்வி இது? நானென்ன உங்கட வகுப்பிலயா இரிக்கன்?"

என் உம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார், சிரிப்பைத் தாங்க முடியாமல். சல்மா உம்மா மாமி கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் உதடு துடித்தது.

"புத்தகம் போறது போலவே போகட்டும்" என்றார் ஹாஜியார். "இந்தத் தாள் கொழும்புக்குப் போகத் தேவல்ல. செயலாளர் பேரில்லாமச் சுருக்கி எழுதி அனுப்பட்டும். மக்கீன் அவன்ட வேலயப் பாக்கட்டும். மாஸ்டர், உங்கட தங்கச்சி எழுதினத்துக்குப் பதில் வேணுமெண்டா அதுக்குக் கீழ எழுதுங்க. இடம் இரிக்கி."

எழுந்து போகும்போது புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். மாமி பின்னால் போனார். வழியில் இருவரும் என்ன கதைத்தார்கள் என்பது எனக்குத் தெரியாது.

ஷரிபுதீன் மாஸ்டர் ஒன்றும் எழுதவில்லை. இருபத்து மூன்றாம் இலக்கக் கட்டு போவதை நிறுத்தவுமில்லை.

மூன்று வெள்ளி கழித்து 'சைக்கிள் கொட்டில்' திரும்பி வந்தது. அன்று பின்னேரமே மக்கீன் காக்கா எங்கள் வீட்டுக்கு வந்து சீலைக்குக் கீழால் புத்தகத்தை நீட்டினார். "புள்ள, கடைசிப் பக்கத்தப் பாருங்க. எனக்கு ஒரு சிக்கல்."

பென்சிலால், பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. 'முடிவு சரிதான். பிள்ளைகள் வளர்ந்தால் போகத்தான் வேண்டும். எனவே மேலே ஒன்றாம் இலக்கம் எழுதியதை நான் ஏற்கவில்லை. ஆனால் அதன் கடைசிப் பகுதி எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது. இலக்கம் 1, மீராசாஹிபு.'

"ஒரு காட்டுக்கு ஒரு அபிப்பிராயம் எண்டுதான் என்ட சட்டம்" என்றார் மக்கீன் காக்கா. "இப்ப ஒண்டாம் நம்பர் ஒண்டாம் நம்பரோட சண்ட புடிக்கிது. நான் எத வெட்டிற?"

நான் வெகு நேரம் யோசித்தேன். "ஒண்டும் வெட்டாதீங்க காக்கா. மேல இரிக்கிறதுக்கு வேற நம்பர் குடுங்க."

சீலைக்கு அப்பால் அவரும் யோசித்தார். பையில் பேனை தேடும் சத்தம் கேட்டது. புத்தகத்தை வாங்கி, மாமியின் அபிப்பிராயத்துக்குக் கீழே இருந்த 1 என்பதை அடித்துவிட்டு 86 என்று எழுதினார். மீராசாஹிபு என்ற பெயரையும் அடித்தார். அந்த இடத்தில் வேறு பெயர் எதையும் எழுதவில்லை.

"பேரு?" என்று கேட்டேன்.

"நம்பரே காணும், பேரு வேணாம்" என்றார்.

ஒரு வாரத்துக்குப் பிறகு வாசிகசாலை மேசையில் எண்பத்தாறாம் இலக்கக் கட்டு ஒன்று இருந்ததாம். ஹாஜியார் ஒன்றாம் இலக்கத்தையும் அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனாராம். சங்கத்தின் விதியை யாரும் மாற்றவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

மக்கீன் காக்கா இப்போதும் அந்த வேலையில்தான் இருக்கிறார். பட்டப்பெயரும் போகவில்லை. 'சைக்கிள் கொட்டில்' அவருக்குப் பிடித்ததா என்று ஒருமுறை கேட்டேன். "நான் அத வாசிக்கத் தொடங்கக்குள்ள எல்லாரும் எழுதி முடிச்சிட்டாங்க புள்ள. அவங்க எழுதினதத்தான் முதல்ல வாசிச்ச. மறுகா கதைக்குப் போகத் தோணல்ல" என்றார்.

எண்பத்தேழாம் இலக்கத்தை நான் கேட்கவில்லை. அந்த வருடக் கடைசியில் வாப்பா கொண்டுவந்த கட்டில் இரண்டு அட்டைகள் செருகியிருந்தன. ஒன்று ஏழு. மற்றதில் 87 என்று மட்டும் இருந்தது. கட்டைப் பிரித்தேன். மேலே 'சைக்கிள் கொட்டில்'. பின்பக்கத் தாள்களில், நான் எழுதிய 'நன்று' என்ற சொல்லுக்குக் கீழே, மக்கீன் காக்கா புதிதாக ஒரு வெற்றுத் தாளைத் தைத்திருந்தார்.